பொறு

கிளிநொச்சி ஆஸ்பத்திரி. ஈஈஜி அறை. செவ்வாய்.
நிதர்சினியின் தலையில் இருபத்தொரு இடம் அளந்து
பசை தடவி வயர் ஒட்டுகிறேன்.
இடப்பக்கம், பின்னால், ஒரு தழும்பு.
என் விரல் அதைச் சுற்றிப் போகிறது.
நான் கேட்கவில்லை.
"உள்ள இரும்பு கிடக்கு மிஸ். எடுக்கேலாதாம்."

வேலை?
"கண்ணிவெடி எடுக்கிறது. அம்பகாமத்தில. எட்டு வருசம்.
வலிப்பு வந்தாப்பிறகு நிப்பாட்டிட்டினம்."
ஒருநாளைக்கு எவ்வளவு நிலம்?
"ஒரு பாய் விரிக்கிற அளவு. சிலநாள் அதுவுமில்ல.
மெசின் கத்தினா கை தானா முன்னுக்குப் போகும் மிஸ்.
போகாமலிருக்கத்தான் ஆறு கிழமை பழக்கினவை."

கண்ணை மூடுங்கோ.
மூடினாள். பின்மண்டைக் கோடுகளில்
நொடிக்குப் பத்து வீதம்
சிற்றலை எழுந்தது.

மூளை என்றால் முழுக்கக் கூச்சல் என்றுதான்
படிக்கப்போகுமுன் நினைத்திருந்தேன்.
ஐந்தில் நாலு அணு அப்படித்தான்:
போ, சொல்லு, அடுத்தவனுக்கும் சொல்லு.
ஐந்தாவது தூரம் போகாது.
தன் வளவுக்குள்ளேயே நின்று
பக்கத்து அணுவைக் கூடைபோல் பின்னிப் பிடிக்கும்,
அல்லது கழுத்தை மட்டும் தொடும்.
அதற்குத் தெரிந்தது ஒரே சொல்:
பொறு.

அந்தச் சொல்லில்தான்
மற்ற நாலும் சும்மா கிடக்க
ஒரு விரல் மட்டும் மடங்குகிறது.
பஸ் நிலையத்து இரைச்சலில்
உன் பெயர் மட்டும் காதில் விழுகிறது.
திரையில் எழும் இந்த அலைகூடக் கூச்சலால் வந்ததல்ல.
ஆயிரம் வாய்கள்
ஒரே நேரம் மூடி, ஒரே நேரம் திறப்பது.
மூடச் சொல்பவர்
கோட்டில் தெரிவதில்லை.

சும்மா இருக்க ஏலாமல் அவளுக்கும் சொன்னேன்:
இந்தப் பொறுக்காரர் மூளையின் மேற்பட்டையில் பிறக்கிறதில்லை.
கருவிலேயே, ஆழத்தில், வேறொரு மேட்டில் பிறந்து
பக்கவாட்டில் நடந்து வந்து சேருகிறவை.
கண் திறக்காமலே கேட்டாள்:
"எத்தனை தரம்?"
என்ன எத்தனை தரம்?
"இடம்பெயர்ந்தவை."
ஒருதரம்தான்.
"அப்ப சுகம்."

இனி மூன்று நிமிடம் வேகமாக மூச்சு விடுங்கோ.
ஒன்று.
ஒன்றரை.
இரண்டாம் நிமிடம் தாண்ட,
தழும்புக்குக் கீழே ஒரு கூர்.
பிறகு இன்னொன்று. பிறகு மூன்று, நெருங்கி.
அயல்கோடு ஒருதரம் துள்ளியது.
என் கை மணிக்கு மேலே.
இது பரவினால் எப்படிப் பரவும் என்று தெரியும்,
காய்ந்த புல்லில் தீ நடக்கிற மாதிரி.
நடக்கவில்லை.
அயல்கோடு தணிந்தது. அதற்கடுத்தது அசையவேயில்லை.
கூர் தனக்குள் இரண்டு தரம் குத்திவிட்டு
அடங்கிப்போனது.

"முடிஞ்சுதோ மிஸ்?"
முடிஞ்சுது.

கூர் வந்த நேரத்தைக் குறித்தேன், இடத்தையும்.
அதைச் சுற்றி வட்டமாய் நின்று
நடக்கவிடாமல் செய்தவற்றை எங்கே குறிப்பது?
படிவத்தில்
நடந்ததற்குத்தான் கட்டமிருக்கிறது.
அவள் எட்டு வருசம் எடுத்த நிலத்தில் இப்போது
யாரோ மாடு கட்டியிருப்பார்கள்.
மாடு மேய்கிறது. அதுவும் எந்தக் கட்டத்திலும் இல்லை.

டொக்டர் குளிசை எழுதினார்.
குளிசை புதிதாய் எதுவும் சொல்லாது;
ஏற்கனவே சொல்லப்படுகிற பொறுவைச்
சற்று நீட்டிச் சொல்லும், அவ்வளவுதான்.
நித்திரை வரும் என்றேன். தலையாட்டினாள்.
முடியில் காய்ந்த பசையை நகத்தால் கிள்ளிக்கொண்டே
வாசலில் திரும்பினாள்.

"இதைப் போட்டா, திரும்ப வேலைக்கு எடுப்பினமோ?"

ஓம் என்று சொல்லத்தான் வாய் திறந்தேன்.
உள்ளே எங்கோ ஒன்று
என் கழுத்தைத் தொட்டது.